அப்பாவின் சுரங்கமும் மகனின் பேரேடும்

பெங்களூரு அல்சூரில் மாலை நேரங்களில் நான் நடத்தும் மனநல ஆலோசனை அறைக்கு வருகிறவர்களில் பலரும் தூக்கம் வரவில்லை, தலை பாரமாக இருக்கிறது, வீட்டில் காரணமில்லாமல் எரிந்து விழுகிறேன் என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். வேலை சலித்துவிட்டது என்ற உண்மை மூன்றாவது சந்திப்பு வாக்கில்தான் வெளியே வரும். சம்பளம் கொடுக்கிற வேலையைக் குறை சொல்வது நன்றிகெட்டத்தனம் என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம் என்பதால், சலிப்பைச் சொல்லவே நமக்குக் கூச்சமாக இருக்கிறது.

சில மாதங்களுக்கு முன் வந்த ஒருவரைப் பற்றி, அவருடைய ஒப்புதலோடும் ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியும் எழுதுகிறேன். கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்த தமிழர். மாரிக்குப்பத்திலிருந்து பங்காருப்பேட்டை வழியாக வரும் காலை ரயிலில் ஏறிக் கிருஷ்ணராஜபுரத்தில் இறங்கி, உதிரிபாகங்கள் செய்யும் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்கு ஏழு ஆண்டுகளாகப் போய்வருகிறார். ஒவ்வொரு மாதமும் 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரங்களுக்கான ஜிஎஸ்டிஆர்-1 படிவம், விற்பனையாளர்கள் பதிந்த விலைப்பட்டியல்களைக் காட்டி 14ஆம் தேதி வெளியாகும் 2பி அறிக்கையோடு கொள்முதல் பதிவேட்டை வரி வரியாக ஒப்பிடுவது, 20ஆம் தேதிக்குள் வரி கட்டுவதற்கான 3பி படிவம் என்று அவருடைய வாழ்க்கை ஓடிக்கொண்டிருந்தது.

"எங்கப்பா மூணு கிலோமீட்டர் ஆழத்துக்கு இறங்கினவரு மேடம். நான் தினமும் எக்செல்ல இறங்குறேன், அவ்வளவுதான்" என்றார். அவர் அப்பா வேலை பார்த்த சாம்பியன் ரீஃப் சுரங்கம் உண்மையிலேயே 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழமானது. 2001 பிப்ரவரி 28 அன்று தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டபோது இவர் பள்ளிப் பையன். அப்பாவின் வேலை வீர சாகசம் என்ற எண்ணம் அந்த வயதிலிருந்தே அவருக்குள் உட்கார்ந்திருந்தது; தன்னுடையது வெறும் எழுத்தர் வேலை என்ற ஒப்பீடு பின்னால் அதோடு சேர்ந்துகொண்டது.

அடுத்த முறை அப்பாவையும் அழைத்து வரச் சொன்னேன். நான் மருத்துவர் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் என்னை டாக்டரம்மா என்றே அழைத்த அந்தப் பெரியவருக்கு, படியேறி வந்த மூச்சிரைப்பு அடங்கச் சற்று நேரமானது. பாறைத்தூசு நுரையீரலைத் தின்றிருந்தது. சாகசம் என்ற சொல்லைக் கேட்டதும் சிரித்தார். பாறை வெடித்து உடன் வேலை செய்தவர்கள் போனதைப் பார்த்த யாரும் அந்தச் சொல்லைப் பயன்படுத்த மாட்டார்கள் என்றார். பிறகு அந்த வேலையில் உங்களுக்குப் பிடித்தது எதுவுமே இல்லையா என்று கேட்டபோது, யோசிக்காமலே பதில் வந்தது: "ஷிஃப்டு ஆரம்பிச்சதும் கம்பியால மேல்பாறையைத் தட்டிப் பார்ப்போம். கணீர்னு கேட்டா நல்ல பாறை. பொத்துன்னு கேட்டா, தட்டி இறக்காம ஒருத்தனையும் உள்ளே விடமாட்டேன். அதை என் காதுதான் முடிவு பண்ணும், டாக்டரம்மா. மேஸ்திரிகூட என் வாயைத்தான் பார்ப்பாரு."

மகன் இந்தக் கதையை அதற்குமுன் கேட்டதில்லை.

அவர் அப்பாவுக்கு நிறைவைத் தந்தது ஆபத்து இல்லை. தன் காதை நம்பி ஒரு முடிவெடுத்ததும், அந்த முடிவு சரியா தவறா என்பது உடனே தெரிந்ததும், பின்னால் நிற்பவர்களின் உயிர் அதைச் சார்ந்திருந்ததும்தான். உளவியலாளர்கள் ஹாக்மனும் ஓல்டமும் 1976இல் வேலையின் இயல்புகளைப் பற்றி எழுதியபோது சொன்ன ஐந்து அம்சங்களில், சுயமாக முடிவெடுக்கும் உரிமை, வேலையின் பலன் யாரைச் சேர்கிறது என்பது, செய்தது எப்படி வந்தது என்ற தகவல் திரும்பக் கிடைப்பது ஆகிய மூன்றும் அந்தத் தட்டலில் இருந்தன. மகனுடைய வேலையிலோ, 2பி அறிக்கையில் பொருந்தாத வரிகளைச் சிவப்பு நிறமாக்கி மேலாளருக்கு அனுப்பியதோடு அவர் பங்கு முடிந்துவிடும். அந்தச் சிவப்பு வரிகள் பிறகு என்ன ஆயின என்பது அவருக்கு ஒருபோதும் தெரியவந்ததில்லை.

உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாயி, லெஃபெவர் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து 1989இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றை இத்தகையவர்களிடம் அடிக்கடி சொல்வேன். உழைக்கும் மக்களிடம் ஒரு வாரத்துக்குப் பேஜர் கொடுத்து, அது ஒலிக்கும்போதெல்லாம் என்ன செய்கிறீர்கள், எப்படி உணர்கிறீர்கள் என்று குறிக்கச் சொன்னார்கள். தன்னை மறந்து ஈடுபட்ட தருணங்கள் ஓய்வு நேரத்தைவிட வேலை நேரத்திலேயே மிகுதியாக இருந்தன. ஆனாலும் வேலையில் இருந்தபோதுதான் வேறெங்காவது இருந்தால் தேவலை என்று அவர்கள் நினைத்தார்கள். வேலை என்ற பெயரே, அதற்குள் நடந்த நல்லதைக் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது போலும்.

ஆகவே முதலில் நான் கேட்பது ஒரு நோட்டுப்புத்தகம்தான். இரண்டு வாரங்களுக்கு, வேலையில் நேரம் போனதே தெரியாத இடம் எது, தன் அறிவால் ஏதாவது ஒன்றை முடிவு செய்த இடம் எது, செய்த வேலை கடைசியில் யார் கையில் போய்ச் சேர்ந்தது என்று அன்றன்று எழுத வேண்டும். இவர் நோட்டில் முதல் வாரம் முழுக்க மூன்றாவது கேள்விக்கு நேராகக் கோடுதான் இருந்தது. அந்தக் கோட்டைப் பார்த்துப் பார்த்து எரிச்சலாகி, ஒரு மதியம் சாப்பாட்டு நேரத்தில் கீழே இருந்த சரக்கறைக்குப் போயிருக்கிறார். பொருளின் வகையைக் குறிக்கும் எச்எஸ்என் குறியீடுகளில் 8482 என்பதை ஏழு ஆண்டுகளாகத் தட்டச்சு செய்தவர், அந்த எண்ணுக்குரிய பால் பேரிங்கைக் கையில் எடுத்துச் சுழற்றிப் பார்த்தது அன்றைக்குத்தான்.

அடுத்ததாக, மிகப்பெரிய ஐந்து சிவப்பு வரிகளை மட்டும் தானே துரத்திப் பிடித்துத் தீர்க்க அனுமதி கேட்டார். வேலை குறைகிறதே என்று மேலாளர் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டார். வேலையின் பெயரும் சம்பளமும் மாறாமல், அதன் எல்லைகளைத் தானே சற்று நகர்த்திக்கொள்வதை ஆய்வாளர்கள் ஏமி ரெஸ்னெவ்ஸ்கியும் ஜேன் டட்டனும் 2001இல் ஒரு கட்டுரையில் விவரித்தார்கள். அவர்கள் காட்டிய உதாரணங்களில் மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்களும் இருந்தார்கள். நோயாளியோடு நாலு வார்த்தை பேசுவதையும் தம் வேலையாகக் கொண்டவர்கள், அதே தரையை, அதே துடைப்பானால் துடைத்தும் வேறொரு வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள்.

இதை எல்லோருக்கும் மருந்தாக நான் தருவதில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். அதே மாதம் என்னிடம் வந்த இளம்பெண் ஒருவர், வேலையை விட்டுப்போன இருவரின் பணியையும் சேர்த்து இரவு பதினொரு மணி வரை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அலுவலகச் சுவரில் 'செய்யும் வேலையை நேசியுங்கள்' என்ற சுவரொட்டி வேறு. அவரிடம் நோட்டுப்புத்தகம் கேட்டிருந்தால் நானும் அந்தச் சுவரொட்டிக்குக் கூட்டாளியாகியிருப்பேன். தீராத களைப்பு, வேலையின்மீது கசப்பு, எதையும் உருப்படியாகச் செய்யவில்லை என்ற உணர்வு ஆகிய மூன்றையும் சேர்த்தே உலக சுகாதார நிறுவனம் ஐசிடி-11 என்ற தன் நோய் வகைப்பாட்டில் பர்ன்-அவுட் என்கிறது. அதை நோய் என்று சொல்லாமல், சரியாகக் கையாளப்படாத பணியிட அழுத்தத்தின் விளைவு என்று வகுத்திருக்கிறது. அங்கே மாற வேண்டியது பணியின் சுமை. ஆலோசகரிடம் போக வசதியில்லாதவர்கள் 14416 என்ற, அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

தங்கவயல்காரர் இன்னமும் 20ஆம் தேதியைத் திட்டுகிறார். ரயிலில் உட்கார இடம் கிடைப்பதில்லை; வீட்டுக்கு அருகில் வேறு வேலையும் தேடிக்கொண்டிருக்கிறார், தேடட்டும். சென்ற மாதச் சந்திப்பைத் தள்ளிவைக்கச் சொல்லி அழைத்தபோது அவர் ஓசூரில் இருந்தார். நான்கு மாதங்களாகப் பொருந்தாமல் இருந்த ஒரு விற்பனையாளரின் விலைப்பட்டியல்களைத் தேடிப் போயிருக்கிறார். அங்கே பில் போடும் பையன், இவர்கள் நிறுவனத்தின் பெயரையே ஒத்த வேறொரு வாடிக்கையாளரைக் கணினித் திரையில் ஒவ்வொரு முறையும் தேர்ந்தெடுத்திருக்கிறான். "எண்ணைப் பார்த்ததுமே பொத்துன்னு கேட்டுச்சு மேடம்" என்றார். அன்றிரவே அப்பாவிடம் இதைச் சொல்லியிருக்கிறார். அந்தப் பையனை வேலையைவிட்டு எடுத்துவிடவில்லையே என்று மட்டும்தான் பெரியவர் கேட்டாராம்.