நூறு கோடி கூட்டலை 0.00 செகண்டுல முடிச்ச சி

அக்கா பையன் பர்கூர் பக்கம் ஒரு காலேஜ்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் ரெண்டாவது வருஷம் படிக்கிறான். போன வாரம் காவேரிப்பட்டினத்துல அவங்க வீட்டுத் திண்ணையில உக்காந்திருந்தப்ப ஃபோனை நீட்டி ஒரு படம் காட்டினான். ஒவ்வொரு ப்ரோக்ராமிங் மொழிக்கும், ஓடி முடிக்க ஆகுற நேரத்தைக் காட்டுற ஒரு பட்டை. சி, ரஸ்ட் பட்டையெல்லாம் நகக்கண் அளவு, பைத்தான் பட்டை மட்டும் ஸ்கிரீனோட அந்தக் கோடி வரைக்கும் ஓடுது. "மாமா, பைத்தான் இவ்ளோ ஸ்லோன்னா நான் எதுக்கு அதைப் படிச்சு நேரத்தை வேஸ்ட் பண்ணணும்?"

நீயே அளந்து பாருடான்னேன். 1லருந்து 100 கோடி வரைக்கும் ஒவ்வொண்ணாத் திரும்பத் திரும்பக் கூட்டுற லூப்பை பைத்தான், சி ரெண்டுலயும் எழுதினான். பைத்தானை ஓடவிட்டு உள்ள போய் தண்ணி குடிச்சுட்டு வந்தும் ஓடிட்டே இருக்கு, லேப்டாப் ஃபேன் மிக்ஸி மாதிரி கத்துது, ஒரு நிமிஷத்தைத் தாண்டித்தான் முடிஞ்சது. அடுத்து சி. எழுதினதை மெஷின் கட்டளையா மாத்துற கிளாங் கம்பைலர்ல, வேகமாக்கச் சொல்ற ஓ2ங்கிற ஆப்ஷனைப் போட்டு ஓட்டினான். 0.00 செகண்டு. பையன் மூஞ்சியைப் பாக்கணுமே!

கொஞ்சம் இருடா, கணக்கு போடுன்னேன். இந்த லேப்டாப் பிராசசர் செகண்டுக்கு சுமாரா 300 கோடி துடிப்பு துடிக்குது, ஒரு கூட்டலுக்கு ஒரு துடிப்புன்னு வச்சாலே 100 கோடிக்கு 0.33 செகண்டு ஆகணும், நாலஞ்சு எண்ணைச் சேத்துப் பிடிச்சுக் கூட்டினாலும் 0.00 வராது. அப்ப அது கூட்டவே இல்லன்னுதானே அர்த்தம்?

ஆமா, கூட்டவே இல்ல. விடையை எங்கயும் அவன் பிரிண்ட் பண்ணலை. யாருக்கும் வேணாத விடைக்கு எதுக்கு உழைக்கணும்னு கம்பைலர் லூப்பையே தூக்கிக் கடாசிடுச்சு. சரின்னு பிரிண்ட் போட்டான். 500000000500000000ன்னு சரியான விடை வருது, ஆனா நேரம் அதே 0.00. இந்த தடவை கம்பைல் பண்ணும்போதே விடையைக் கண்டுபிடிச்சு, ப்ரோக்ராமுக்குள்ள அந்த எண்ணையே எழுதி வச்சிருச்சு. பையனுக்கு ரோஷம் வந்துடுச்சு, எத்தனை வரைக்கும் கூட்டணுங்கிறதைக் கீபோர்டுல இருந்து வாங்குற மாதிரி மாத்தினான். கம்பைலருக்கு எண்ணே தெரியாதுல்ல. அப்பவும் 0.00!

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான், அதனால கொஞ்சம் நின்னு சொல்றேன். கூட்டுத்தொகை எப்படி வளருதுன்னு எழுதிப் பாருங்க: 0, 1, 3, 6, 10, 15. பக்கத்து பக்கத்து எண்ணோட வித்தியாசம் 1, 2, 3, 4, 5. அந்த வித்தியாசத்தோட வித்தியாசம் 1, 1, 1, 1, மாறவே மாறாது. கிளாங்குக்கு அடியில இருக்கிற எல்எல்விஎம்ங்கிற கம்பைலர் அடித்தளத்துல ஸ்கேலர் எவல்யூஷன்னு ஒரு பகுதி இருக்கு, அது லூப்புல மதிப்பு மாறிட்டே இருக்கிற ஒவ்வொரு வேரியபிளையும் எங்க ஆரம்பிக்குது, சுத்துக்கு எவ்ளோ ஏறுது, அந்த ஏத்தமே எவ்ளோ ஏறுதுன்னு சங்கிலியா குறிச்சு வச்சுக்கும். சங்கிலி ஒரு இடத்துல மாறாத எண்ணுல போய் நின்னுட்டா போதும், லூப்பை ஓட்டாமலே எந்தச் சுத்துக்கும் மதிப்பைச் சூத்திரமா எழுதிடலாம். நம்ம லூப் ரெண்டாவது படியிலயே நின்னுடுச்சு, வந்த சூத்திரம் ஸ்கூல்ல படிச்சதுதான்: கடைசி எண்ணை அதுக்கு அடுத்த எண்ணால பெருக்கி ரெண்டால வகு. வர்க்கத்தைக் கூட்டச் சொன்னாலும் இன்னொரு படி கீழ போய் அதையும் பிடிச்சிடும். 1822ல இங்கிலாந்துக் கணித மேதை சார்லஸ் பாபேஜ் வித்தியாச எந்திரம்னு கணக்கு போடுற மெஷின் ஒண்ணை அறிவிச்சாரே, அதுவும் இதே வித்தியாசப் பட்டியல்தான், ஆனா அவர் சூத்திரத்தைக் குடுத்து வெறும் கூட்டலா மாத்தினார், இது கூட்டலை வாங்கிச் சூத்திரமாத் திருப்பித் தருது. கிட்டத்தட்ட இருநூறு வருஷம் கழிச்சு அதே ஏணியில இறங்கி வர்ற மாதிரி!

பைத்தான் ஏன் இதைச் செய்யலைன்னா, வழக்கமா எல்லாரும் ஓட்டுற பைத்தானான சிபைத்தான்ல 1ங்கிற எண்ணே 28 பைட்டுக்கு ஒரு தனிப் பொட்டலம். ஒவ்வொரு கூட்டலுக்கும் பொட்டலத்தைப் பிரிச்சு, உள்ள இருக்கிறது எண்ணா எழுத்தான்னு பாத்து, கூட்டி, புதுப் பொட்டலம் கட்டணும். நடுவுல கூட்டலோட அர்த்தத்தையே மாத்திக்கிற சுதந்திரத்தையும் அந்த மொழி நமக்குக் குடுத்திருக்கு, அதனால முன்கூட்டியே இதுதான் நடக்கும்னு முடிவு பண்ண அதுக்குத் தைரியம் வராது. ஸ்லோதான், இல்லன்னு சொல்லலை. ஆனா அவன் அன்னைக்கு அளந்தது ஒரு பக்கம் பொட்டலம் கட்டுற வேகம், இன்னொரு பக்கம் ஒண்ணுமே செய்யாம இருக்கிற வேகம்.

நெட்ல சுத்துற படங்கள்லயும் இந்த மாதிரி சமமில்லாததை ஒப்பிடுறது உண்டு. ஒரு மொழிக்கு யாரோ கில்லாடி ராத்திரி பகலா உக்காந்து பிராசசர் கட்டளை வரைக்கும் கையால செதுக்கியிருப்பார், இன்னொண்ணுக்கு எவனோ அரை மணி நேரத்துல எழுதிப் போட்டிருப்பான். ஜாவா மாதிரி மொழிகள் ஓட ஓட சூடு பிடிச்சு, அடிக்கடி ஓடுற பகுதியை நடுவுலதான் கம்பைல் பண்ணும், அரை செகண்டு ஓடுற டெஸ்ட்ல அளந்தா மண்டியில கிரேட் எடையைக் கழிக்காம மாங்காய்க்கு விலை போட்ட கதைதான்.

இதையெல்லாம் விட ஒரு கூத்து இருக்கு. 2009ல மிட்கோவிச்சும் கூட்டாளிகளும் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க: யுனிக்ஸ்ல ஒவ்வொரு ப்ரோக்ராமுக்கும் சிஸ்டம் குடுத்தனுப்புற என்விரான்மென்ட் வேரியபிள்ங்கிற குறிப்புகளோட மொத்த நீளம் மாறினாலே ப்ரோக்ராம் வேகம் மாறலாம், ஏன்னா மெமரில ப்ரோக்ராம் தற்காலிகமா எழுதி வச்சுக்கிற ஸ்டாக்ங்கிற இடம் ஆரம்பிக்கிற முகவரி கொஞ்சம் நகர்ந்துடுது. யூசர் பேரும் அதுக்குள்ளதான் இருக்கு, அப்ப உங்க பேர் நீளமா இருந்தா ரிசல்ட் வேற ஆகலாம்! ஓ2வை விட, இன்னும் வேகமாக்கச் சொல்ற ஓ3 நல்லதாங்கிற முடிவே இதால தலைகீழா மாறலாம்னு காட்டினாங்க. ஏற்கனவே அளந்ததைத் திரும்ப அளந்து பாக்குற இந்த மாதிரி வேலைக்கு யார் காசு குடுக்குறா? புதுசா ஒண்ணு செஞ்சேன்னு சொன்னாத்தான் நிதி வருது, எனக்கு இதுல ரொம்ப நாள் கோவம். ஆயுத பூஜைக்குச் சர்வருக்குப் பொட்டு வச்சு எலுமிச்சம்பழம் கட்டுற ஆபீஸ் எல்லாம் பாத்திருக்கேன், அதை விட இந்தப் பட்டைப் படத்து மேல இருக்கிற பக்திதான் பயமா இருக்கு. எலுமிச்சம்பழம் யாரையும் ப்ரோக்ராமை மாத்தி எழுதச் சொல்றதில்ல.

நானே மாத்தி எழுதி மாட்டிக்கிட்டவன்தான். அக்கா வீட்டுக்காரர் மாங்காய் மண்டிக்குப் பில் போடுற ப்ரோக்ராம் ஒண்ணு பைத்தான்ல எழுதிக் குடுத்தேன். சீசன்ல கூழ் ஃபேக்டரிக்குப் போற பெங்களூரா ரக மாங்காய் லோடு வந்து நிக்குது, ஒரு பில்லுக்கு 10 செகண்டு, டிரைவர் திட்டுறான். ஒரு வாரம் தூங்காம வேற மொழியில திரும்ப எழுதினேன். 9 செகண்டு சொச்சம்! அப்புறம்தான் பாத்தேன், ஒவ்வொரு கிரேட்டுக்கும் தனித்தனியா சர்வர்ல இருக்கிற டேட்டாபேஸைக் கேட்டுட்டு உக்காந்திருக்கு, 9 செகண்டு அந்தக் காத்திருப்புக்கே போகுது. மிச்ச 1 செகண்டை 50 மடங்கு வேகமாக்கினா 9.02. 1967லயே கம்ப்யூட்டர் வடிவமைச்ச ஜீன் அம்டால் சொல்லிட்டுப் போன விஷயம், எனக்கு மண்டியில நின்னு திட்டு வாங்கித்தான் புரிஞ்சது. எல்லாக் கிரேட்டையும் ஒரே கேள்வியில கேக்க வச்சேன், பழைய பைத்தான்லயே சட்டுனு பில் வந்துச்சு.

கேம் எஞ்சின், வீடியோ கம்ப்ரஷன், மாசா மாசம் கிளவுட் பில் எகிறுற வேலை, இதுக்கெல்லாம் மொழியோட வேகத்தைப் பாத்தே ஆகணும். அப்பவும் அடுத்தவன் லூப்பை நம்பாம, உங்க சொந்த வேலையில ஒரு துண்டை வெட்டி ரெண்டு மொழியிலயும் எழுதி, உங்க மெஷின்ல, உங்க டேட்டாவை வச்சு, பல தடவை ஓட்டிப் பாருங்க.

பையனோட ப்ராஜெக்ட் மா இலையை ஃபோட்டோ எடுத்து நோய் கண்டுபிடிக்கிறது. கனமான கணக்கெல்லாம் நம்பைங்கிற (NumPy) பைத்தான் லைப்ரரி பாத்துக்குது, அதுக்குள்ள ஓடுறது பெரும்பாலும் சிதான். எங்க நேரம் போகுதுன்னு ப்ரொஃபைலர் போட்டுப் பாருடான்னு சொல்லிட்டு வந்தேன். நேத்து ராத்திரி ஃபோன் பண்றான், பென்டிரைவ்ல இருந்து படத்தைப் படிக்கிறதுக்கே முக்கால்வாசி நேரம் போகுதாம். பைத்தானை விட்டுட்டு ரஸ்ட் படிக்கலாமான்னு இன்னும் முடிவு பண்ணலை, வேகமாப் படிக்கிற எஸ்எஸ்டி டிஸ்க் வாங்கிக் குடுன்னு அக்காவை நச்சரிச்சுட்டு இருக்கான்.