மூவர் கூடைப்பந்து: ஒரு சொல் விளக்கம்

சிங்கப்பூரின் காலாங் ஸ்போர்ட்ஸ் ஹப்பில் 3x3 கூடைப்பந்து ஆசியக் கிண்ண மகளிர் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தோம், அணிக்கு மூன்று பேர் ஆடுவது. அக்கா மகள் என் கையைப் பிடித்து இழுத்து, "சின்னம்மா, த்ரீ எக்ஸ் த்ரீக்குத் தமிழ்ல என்ன?" என்றாள். "மூன்றுக்கு மூன்று" என்றேன். சொன்னதுமே உறுத்தியது.

மூன்று எதையும் எண்ணும், பழத்தையும் பந்தையும்கூட. மூவர் என்றால் ஆட்கள்தான், வேறு பேச்சே இல்லை. அதனால் மூவர் கூடைப்பந்து என்பதே சரி. காதுக்கும் பழகியதுதான், ஃபுட்சாலை ஐவர் காற்பந்து என்கிறோமே. கூடைப்பந்து நேரடியாக வந்த சொல்: 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் இந்த ஆட்டத்தை உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித் மாட்டியது பீச் பழக்கூடை.

மூவர் ஆட்டத்துக்கு அரை ஆடுகளம், ஒரே கூடை. பத்து நிமிடம், அதற்குள் 21 புள்ளி எடுத்தால் அப்போதே வெற்றி. கூடையைச் சுற்றி வரைந்த வளைகோட்டுக்கு உள்ளிருந்து போட்டால் 1, வெளியிலிருந்து 2. பந்து கைக்கு வந்தால் 12 வினாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும், அதனால்தான் அந்தப் பெண்கள் மூச்சுவிடக்கூட நிற்பதில்லை. ஐவர் ஆட்டத்தில் பெண்களுக்குச் சிறிய பந்து, இதில் ஆண் பெண் இருவருக்கும் ஒரே பந்து, அளவில் பெண்கள் பந்து (எண் 6), எடையில் ஆண்கள் பந்து (எண் 7). இது எனக்கு மிகவும் பிடித்த விதி.

அணியில் இருப்பது நால்வர், களத்தில் மூவர். ஓரத்தில் பயிற்றுநர் கிடையாது. யாருக்கு மூச்சு வாங்குகிறது, யார் வெளியே வர வேண்டும் என்பதையெல்லாம் அவர்களே கண்ணால் பேசி முடிவுசெய்கிறார்கள். பெயரில் இல்லாத அந்த நான்காமவரும் முழு ஆட்டக்காரர்தான், அவரை உதிரி என்று எழுதாதீர்கள், மாற்று ஆட்டக்காரர் என்று எழுதுங்கள்.

நமக்கு இந்தச் சொல்லில் கொஞ்சம் உரிமையும் உண்டு. 2010இல் முதல் இளையர் ஒலிம்பிக் இங்கே நடந்தபோது இந்த ஆட்டமும் இருந்தது. ஒலிம்பிக்கில் சேர்ந்தது அப்புறம்தான், 2021இல் நடந்த தோக்கியோ போட்டியில். அங்கே மகளிர் தங்கம் அமெரிக்காவுக்கு, 2024 பாரிசில் ஜெர்மனிக்கு.

இன்னொன்று, சொல்வரிசை. மூவர் என்பதில் ஆண் பெண் தெரியாது, மகளிர் என்று சேர்த்தாக வேண்டும். ஆனால் 'மகளிர் மூவர் கூடைப்பந்து அணி' என்றால் யாரோ மூன்று பெண்கள் என்று படித்துவிடலாம். ஆட்டத்தின் பெயரை முன்னே வைத்தால் குழப்பமில்லை: சிங்கப்பூர் மூவர் கூடைப்பந்துத் தேசிய மகளிர் அணி.