வெள்ளை ஓக் மரத்தில் ஆரம்பித்து அதே மரத்தில் முடியும் வரைபடம்

1618க்குப் பிறகு, அமெரிக்காவில் ஆங்கிலேயர் குடியேறிய வர்ஜீனியாவில், கப்பல் செலவு கொடுத்து ஓர் ஆளைக் கூட்டிவந்தால் தலைக்கு 50 ஏக்கர் கிடைத்தது. சரி, எந்த 50 ஏக்கர்? லேஅவுட் போட்டுவிட்டு மனை விற்பதுதான் நமக்குப் பழக்கம். அங்கே தலைகீழ்: காட்டுக்குள் போய் பிடித்த இடத்தை நீங்களே காட்ட வேண்டும், அப்புறம்தான் சர்வேயர் வருவார்.

அவரிடம் ஒரு திசைகாட்டி, அளவுச் சங்கிலியைப் பிடிக்க இரண்டு செயின்மேன்கள், மரத்தில் அடையாளம் வெட்டக் கோடரியோடு ஓர் ஆள். செயின் என்கிற அந்தச் சங்கிலி 1620ல் எட்மண்ட் கண்டர் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் வகுத்தது: 66 அடி, 100 கண்ணி. பத்து சதுர செயின் சரியாக ஓர் ஏக்கர், அதனால் கணக்கு சுலபம். (நம் ஊர் சென்டில் சொன்னால் ஒரு சதுர செயின் 10 சென்ட்.) புதரில் சிக்கும் என்பதால் வர்ஜீனியாவில் பாதி நீளச் செயினே அதிகம் புழங்கியது.

ஓடையோரத்து வெள்ளை ஓக்கில் ஆரம்பித்து, 'வடக்கிலிருந்து 20 டிகிரி கிழக்காக 120 போல், ஒரு ஹிக்கரி மரம் வரை' என்று நோட்டில் எழுதிக்கொண்டே நடப்பார்கள். போல் (pole) என்பது நீள அளவு, ஒரு போல் பதினாறரை அடி. இப்படியே சுற்றி மறுபடி அந்த ஓக்குக்கே வர வேண்டும். அப்புறம் வீட்டில் உட்கார்ந்து, தாளில் வடக்கு தெற்காக ஒரு கோடு, கோணமானி வைத்துத் திசை, அளவுகோல் வைத்துத் தூரம், ஒவ்வொரு கோடாக மையில் இழுத்தால் கடைசிக் கோடு முதல் புள்ளியைத் தொட வேண்டும். தொடவில்லை என்றால் எங்கோ தப்பு. மறுபடி காட்டுக்குப் போகச் சோம்பல்பட்டுக் கோட்டைக் கொஞ்சம் வளைத்துவிட்டவர்களும் இருந்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். ஜார்ஜ் வாஷிங்டன் 1749ல், 17 வயதில், கல்பெப்பர் கவுண்டி சர்வேயராகச் செய்த வேலையும் இதுதான்.

பெரிய வில்லங்கம் திசைகாட்டியில்தான். அதன் முள் காட்டுவது காந்த வடக்கை, அதுவோ வருடா வருடம் மெல்ல நகர்கிறது. பேரன் காலத்தில் அதே டிகிரியில் நடந்தால் கோடு பக்கத்துக்காரர் புகையிலைக்குள் போய்விடும். ஒரு டிகிரி பிசகினால் மைலுக்கு 92 அடி.

அதனால் வழக்கு என்று வந்தால் எழுதிய டிகிரியைவிட, எழுதிய ஏக்கரைவிட, நிற்கிற மரத்துக்கும் ஓடுகிற ஓடைக்கும்தான் மதிப்பு அதிகம். மரமும் பட்டுப்போகுமே? அதற்காகத்தான் வர்ஜீனியாவில் நான்கு வருடத்துக்கு ஒருமுறை அக்கம்பக்கத்தார் சேர்ந்து எல்லையைச் சுற்றிவந்து, மூடிக்கொண்டிருக்கும் பழைய வெட்டுகளை மறுபடி வெட்டிவிட்டுப் போனார்கள்.