வாசலுக்கு வெளியே நிற்கும் சனம்

ஒலிம்பிக், உலகக் கிண்ணம் போன்றவற்றின் பாதுகாப்பு என்றதும் துப்பாக்கியோடு நிற்கும் படையினரும் வானத்தில் சுற்றும் ஹெலிகொப்டரும்தான் நினைவுக்கு வரும். அவையும் உண்டு. 2024 பரிஸ் ஒலிம்பிக்கின் தொடக்க விழாவுக்கு மட்டும் ஏறத்தாழ 45,000 பொலிஸாரை இறக்கினார்கள். ஆனால் திட்டம் போடுகிறவர்களை அதிகம் வதைக்கும் கேள்வி இதுதான்: எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எத்தனை பேர் நகர முடியாமல் நிற்பார்கள்?

இந்தக் கேள்வியின் கனத்தை மட்டக்களப்பாருக்கு விளக்கத் தேவையில்லை. ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு அமிர்தகழிக்குப் போனவர்களுக்குத் தெரியும்: மாமாங்கேஸ்வரர் கோயிலை நெருங்க நெருங்க, ஒரு கட்டத்துக்குமேல் நாம் நடப்பதில்லை, சனம் நம்மைக் கொண்டுபோகிறது. இருபக்கமும் கச்சான் கடை, காப்புக் கடை, விளையாட்டுச் சாமான் கடை. வீதி எவ்வளவு அகலமாக இருந்தாலும், கடைக்காரர் இழுத்துக் கட்டிய படங்குகளுக்கு நடுவில் மிஞ்சுவதுதான் சனத்துக்குக் கிடைக்கும் அகலம்.

கூட்டத்தை அளக்க ஓர் எளிய அளவு போதும்: ஒரு சதுர மீற்றரில் எத்தனை பேர்? இரண்டு பேர் என்றால் விலகி நடக்கலாம். நான்கு பேர் என்றால் தோள் இடிபடும், நடை தளரும், ஆனாலும் நம் காலை நாமே எடுத்து வைக்கலாம். ஆறு, ஏழு என்று ஏறும்போது நிலைமை அடியோடு மாறுகிறது. உடலுக்கும் உடலுக்கும் இடைவெளி இல்லாததால், பின்னால் ஒருவர் கொடுக்கும் தள்ளு இடையில் எங்கும் தணியாமல் அலையாக முன்னால் போய்ச் சேர்கிறது. கூட்டம் நீரைப்போல நடந்துகொள்ளத் தொடங்குகிறது. அந்த அலை ஆட்களைத் தரையிலிருந்து தூக்கி மூன்று மீற்றருக்குமேல் நகர்த்திவிடும் என்று அமெரிக்கப் பொறியியலாளர் ஜோன் ஃப்ரூயின் எழுதியிருக்கிறார். இரும்புக் கம்பி வேலிகள் வளைந்துபோன சம்பவங்களும் உண்டு.

நெரிசலில் இறந்தவர்களை "மிதிபட்டு இறந்தார்கள்" என்று செய்தியில் வாசிக்கிறோம். பெரும்பாலும் நடப்பது அதுவல்ல. மூச்சை இழுக்க நெஞ்சுக்கூடு விரிய வேண்டும். நாலாபக்கமும் அழுத்தம் இருக்கும்போது அது விரியாது. நின்ற நிலையிலேயே மூச்சடைத்துப் போகிறது. சனம் பதறி ஓடியதால்தான் இப்படி ஆனது என்று பழியைச் சனத்தின் தலையில் போடுவதும் தவறு. முன்னுக்கு நிற்பவர் மூச்சுக்குத் தவிப்பது பின்னுக்கு வருபவருக்குத் தெரியாது. அவர் எல்லோரையும்போல மெல்ல நடந்துதான் வருகிறார்.

1989 ஏப்ரல் 15, இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரம், ஹில்ஸ்பரோ மைதானம். லிவர்பூல் அணிக்கும் நொட்டிங்ஹாம் ஃபொரஸ்ட் அணிக்கும் எஃப்.ஏ. கிண்ண உதைபந்தாட்ட அரையிறுதி. லெப்பிங்ஸ் லேன் பக்கத்தில் நின்று பார்க்க டிக்கெட் வைத்திருந்த 10,100 பேருக்கு, ஒருவர் ஒருவராக உள்ளே விடும் சுழல்கதவுகள் ஏழு மட்டுமே. ஒரு கதவால் மணிக்கு 660 பேருக்குமேல் கணக்கில் எடுக்கக் கூடாது என்பது பிரித்தானிய மைதானப் பாதுகாப்பு வழிகாட்டி சொல்லும் அளவு. பெருக்கிப் பாருங்கள்: ஏழு கதவாலும் மணிக்கு 4,620 பேர். எல்லோரும் உள்ளே போக இரண்டு மணித்தியாலத்துக்குமேல் வேண்டும். ஆட்டம் பிற்பகல் 3 மணிக்கு. 2.30 தாண்டியும் பல ஆயிரம் பேர் வெளியே நெருங்கி நின்றார்கள். நெரிசலைக் குறைக்க 2.52க்குப் பெரிய வெளிக்கதவு ஒன்றைப் பொலிஸார் திறக்கச் சொன்னார்கள். உள்ளே போன இரண்டாயிரம் பேருக்கும் எதிரே தெரிந்தது ஒரு சுரங்கவழி. அது ஏற்கெனவே நிரம்பியிருந்த, கம்பி வேலியால் பிரித்த நடு அடைப்புகளுக்குள் கொண்டுபோய் விட்டது. பக்கத்து அடைப்புகளில் இடம் இருந்தது. அங்கே திருப்பிவிட ஒருவரும் நிற்கவில்லை. இறந்தவர்கள் 97 பேர்.

இதே மைதானத்தில் 1987 அரையிறுதியில் வாசலில் கூட்டம் தேங்கியபோது ஆட்டத்தை 15 நிமிடம் பிந்தித் தொடங்கினார்கள். பிந்தி வந்தாலும் ஆட்டத்தைத் தவறவிட மாட்டோம் என்று தெரிந்தால் சனத்தின் அவசரம் குறையும். காசு செலவில்லாத கருவி அது. 1989இல் அதை எடுக்கவில்லை.

இந்தக் கணக்குக்குமேல் குண்டுப் பயமும் வந்து உட்காரும்போதுதான் சிக்கல் முற்றுகிறது. பையைத் திறந்து பார்க்க ஓர் ஆளுக்கு 6 விநாடி என்று வைப்போம். ஒரு வரிசையில் மணிக்கு 600 பேர்; 30 வரிசை இருந்தால் 18,000 பேர். சோதனையைக் கடுமையாக்கி 12 விநாடி எடுத்தால் 9,000 பேர்தான் உள்ளே. மீதி 9,000 பேர் வாசலுக்கு வெளியே. மைதானத்துக்குள் இருப்பவர்களைக் காக்கப் போட்ட சோதனை, காவலில்லாத இடத்தில் ஒரு கூட்டத்தை உண்டாக்கிவிடுகிறது.

2015 நவம்பர் 13 இரவு பரிஸின் ஸ்டாட் டி ஃபிரான்ஸ் மைதானத்துக்கு வந்த மூன்று தற்கொலைக் குண்டுதாரிகளாலும் உள்ளே நுழைய முடியவில்லை. வெளியே வெடித்ததில் வழியில் நின்ற ஒருவர் உயிரிழந்தார். உள்ளே சுமார் 80,000 பேர். ஆனால் வெளியில் எப்போதும் ஆளில்லாமல் இருப்பதில்லை. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று மட்டக்களப்பில் நம் சீயோன் தேவாலயத்துக்கு வந்த தற்கொலைக் குண்டுதாரியை வெளியிலேயே மறித்துக் கேள்வி கேட்டார்கள். அவன் ஆலயத்துக்குள் போகவில்லை. அதனால் காப்பாற்றப்பட்ட உயிர்கள் பல. முற்றத்தில் நின்ற பிள்ளைகளை நாம் இழந்தோம். இதை எழுதும்போது கை நடுங்குகிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும், ஏனென்றால் சோதனை எங்கே நடக்கிறது என்பதும், சோதிக்குமிடத்தில் எத்தனை பேர் சேர்ந்து நிற்கிறார்கள் என்பதும் உயிர்க் கணக்கு.

அதனால்தான் பெரிய போட்டிகளில் சோதனையை ஒரே வாசலில் குவிக்காமல் வளையம் வளையமாக விரிக்கிறார்கள். வெளிவளையத்தில் டிக்கெட்டை மட்டும் காட்டினால் போதும்; டிக்கெட் இல்லாதவர் அங்கேயே திரும்பிவிடுவார். அடுத்ததில் பை. மைதான வாசலில் சுழல்கதவு. ஒவ்வொரு வளையத்துக்கும் இடையில் வெறும் நிலம் விடுவார்கள். வெடிப்பின் அழுத்தம் தூரத்தோடு மிக வேகமாகத் தணியும் என்பதால் அந்த வெற்றுநிலமே ஒரு காவல்.

வாகனத்துக்கும் இப்படியே. மோதும் சக்தி வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். வேகத்தைப் பாதியாக்கினால் சக்தி காற்பங்காகிறது. யுத்த காலத்தில் நம் வீதிச் சோதனைச்சாவடிகளில் பீப்பாய்களை மாறி மாறி வைத்து, பஸ்ஸை வளைந்து வளைந்து ஊரவிட்டார்களே, அதன் பின்னால் இருந்த பௌதிகம் இதுதான்.

மைதானம் பத்திரமாக இருந்தாலும் வழி பத்திரமில்லை என்பதை 2009 மார்ச் 3 லாகூரில் நம் கிரிக்கெட் அணி கண்டது. கடாபி மைதானத்துக்குப் போகும் வழியில் பஸ்மீது சுட்டார்கள். சாரதி நிறுத்தாமல் மைதானத்துக்குள் ஓட்டிச் சென்றதால் வீரர்கள் பிழைத்தார்கள். காவலுக்குப் போன பொலிஸார் ஆறு பேர் பிழைக்கவில்லை. பாகிஸ்தான் மண்ணுக்கு டெஸ்ட் கிரிக்கெட் திரும்ப 2019 டிசம்பர் ஆனது, அதுவும் இலங்கை அணியோடுதான்.

வெளியேறும் கணக்கையும் சொல்ல வேண்டும். சமதரையில் ஒரு மீற்றர் அகல வழியால் நிமிடத்துக்கு 82 பேர், படியென்றால் 66 பேர் என்று அதே பிரித்தானிய மைதானப் பாதுகாப்பு வழிகாட்டி வைக்கிறது. ஆபத்தென்றால் எட்டு நிமிடத்துக்குள் எல்லோரும் வெளியேற வேண்டும். நான்கு மீற்றர் வாசல் ஒன்றால் எட்டு நிமிடத்தில் சுமார் 2,600 பேர்தான் போகலாம். 2022 ஒக்டோபர் 1 இந்தோனேசியாவின் கஞ்சுருஹான் மைதானத்தில் பொலிஸார் பார்வையாளர் பக்கம் கண்ணீர்ப்புகை அடித்தார்கள். ஒடுங்கிய வாசல்களிலும் படிகளிலும் சனம் அடைபட்டு 135 பேர் இறந்தார்கள். வழியை எண்ணாமல் செய்த காவல் அது.

மாமாங்கத்தில் தீர்த்த நேரத்தை 15 நிமிடம் தள்ளிவைக்க முடியாது. ஆகவே மிஞ்சுவது இடம்தான். கடைகளை வீதியின் ஒரு பக்கத்தில் மட்டும் வைக்கலாம். குளத்துக்குப் போக ஒரு வழி, திரும்ப வேறு வழி என்று பிரிக்கலாம். குளப்படியில் நின்று நெருக்கத்தைப் பார்ப்பவர் கையில் ஒரு வோக்கி-டோக்கி, வீதியின் கடைசியில் நிற்பவரிடம் இன்னொன்று. "கொஞ்சம் நிப்பாட்டுங்க" என்று முன்னாலிருந்து சொன்னதும் பின்னால் சனம் நிற்க வேண்டும்.