சைலன்சர் வாயில் கரி, எவர்சில்வருக்குத் தோல்

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர் இரண்டு படங்கள் அனுப்பியிருந்தார். முதல் படத்தில் அவர் காரின் பின்பக்கம். பம்பருக்குக் கீழே இரட்டைக் குழல் சைலன்சர். வாங்கும்போது முகம் பார்க்கலாம் போலிருந்த முனை, எட்டு மாதத்தில் தோசைக்கல் நிறத்துக்கு வந்துவிட்டது. இரண்டாவது படத்தில் அவருடைய ஆள்காட்டி விரல், நுனி முழுக்க மை. "வாட்டர் சர்வீஸ்ல இஞ்சின் போச்சுன்னு சொல்றாங்க சார். நெஜமா? தேய்ச்சா பழையபடி வருமா?" என்று கேட்டிருந்தார்.

பாதி விடை அந்த விரலிலேயே இருக்கிறது. தொட்டால் கையோடு வருவது, எங்கிருந்தோ வந்து உட்கார்ந்த கரி. எவ்வளவு அழுத்தித் துடைத்தாலும் கையோடு வராத நிறம், உலோகம் தன் மேல் தானே வளர்த்துக்கொண்ட தோல். சைலன்சரைச் சுத்தம் செய்ய உட்காருகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துத் தேய்க்கிறார்கள். சேதம் அங்கேதான் தொடங்குகிறது.

கரியின் கதை எளியது. பெட்ரோல் முழுதாக எரிய, எடைக் கணக்கில் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். காலையில் குளிர்ந்து கிடக்கும் இஞ்சினுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. அது கிளம்புவதற்காகக் கூடுதல் பெட்ரோல் பாய்ச்சப்படும். பாதி எரிந்த பெட்ரோலில் மிஞ்சும் கார்பன், 20 முதல் 50 நானோமீட்டர் (ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர்) அளவுள்ள உருண்டைகளாகத் திரண்டு, திராட்சைக் கொத்துபோல ஒட்டிக்கொண்டு வெளியே வருகிறது. அகல் விளக்குச் சுடரின் மேல் தட்டைக் கவிழ்த்துக் கண்மைக்குக் கரி பிடிப்பார்களே, அதே பொருள்தான். பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சும் புதிய டர்போ இஞ்சின்களில் இந்தக் கரி சற்று அதிகம். துளிகள் ஆவியாகிக் காற்றோடு கலக்க அங்கே நேரம் குறைவு. வாசகருடைய காரும் அந்த வகைதான். வீட்டிலிருந்து கம்பெனிக்கு இரண்டு கிலோமீட்டர், மாலையில் திரும்பி இரண்டு கிலோமீட்டர். இஞ்சின் நன்றாகச் சூடேறுவதற்குள் வண்டி நின்றுவிடுகிறது.

இதில் தண்ணீரும் சேரும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. காலையில் சைலன்சர் நுனியில் சொட்டுவது அதுதான். கரி அந்த ஈரத்தில் குழைந்து, ரோட்டுத் தூசியோடு சேர்ந்து, அடுத்த சூட்டில் வெந்து அப்பிக்கொள்கிறது. ஆகவே உலர்ந்த மாவு மாதிரிக் கறுப்பு வந்தால் இஞ்சினுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. விரலில் பிசுபிசுப்பும் சேர்ந்து வந்து, பின்னால் நீலப்புகையும் தெரிந்தால் ஆயில் எரிகிறது என்று பொருள். அப்போது மெக்கானிக்கைப் பாருங்கள்.

இனி தோலுக்கு வருவோம். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

பால் காய்ச்ச வைத்துவிட்டு மறந்துபோன எவர்சில்வர் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்த பிறகு அடிப்பக்கத்தைப் பார்த்திருக்கிறீர்களா? வைக்கோல் மஞ்சள், அதைச் சுற்றி செம்பழுப்பு, நடுவில் மயில்கழுத்து நீலம். யாரும் சாயம் பூசவில்லை. சுரண்டி எடுத்துப் பார்த்தால் மஞ்சள் பொடியோ நீலப் பொடியோ கிடைக்காது. அங்கே இருப்பது நிறமில்லாத ஒரு படலம் மட்டும்தான்.

எவர்சில்வர் என்பது குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் கலந்த உருக்கு. வீட்டுப் பாத்திரங்களிலும் நல்ல சைலன்சர் முனைகளிலும் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். காற்று பட்ட மாத்திரத்தில் குரோமியம் ஆக்சிஜனோடு சேர்ந்து, இரண்டு மூன்று நானோமீட்டர் கனத்துக்கு ஓர் ஆக்சைடு தோலைப் போர்த்திக்கொள்கிறது. கீறினால் கீறிய இடத்தில் உடனே புதுத் தோல். எவர்சில்வர் துருப்பிடிக்காமல் இருப்பது இதனால்தான். இத்தனை மெல்லிய தோல் கண்ணுக்குத் தெரியாது. உலோகத்தின் வெள்ளி நிறம் அப்படியே ஊடுருவித் தெரியும்.

சூடு ஏற ஏற அந்தத் தோல் தடிக்கிறது. தோலின் மேல் விழும் ஒளியில் ஒரு பங்கு மேற்பரப்பிலேயே திரும்பிவிடும். மறுபங்கு உள்ளே போய், அடியில் உள்ள உலோகத்தில் மோதித் திரும்பும். உள்ளே போய் வந்தது சற்றுப் பிந்தி வரும். கோலாட்டத்தில் ஒரு வரிசை சரியாக அரைத் தாளம் பிந்திவிட்டால் கோலும் கோலும் சந்திக்காது, சத்தமே எழாது. ஒளியிலும் அப்படித்தான். ஓர் அலையின் மேடு மற்றதன் பள்ளத்தில் வந்து விழுந்தால் அந்த நிறம் அவிந்துபோகும்.

எந்த நிறம் அவியும்? கணக்குப் போட்டே பார்க்கலாம். நீல ஒளியின் அலைநீளம் சுமார் 450 நானோமீட்டர். ஆக்சைடுக்குள் ஒளியின் வேகம் பாதிக்கும் கீழே குறைவதால், உள்ளே அந்த அலை 200 நானோமீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடும். அரை அலை பிந்த வேண்டுமென்றால் போய்வரும் தூரம் 100; ஆக, தோலின் கனம் 50. தோல் அந்தக் கனத்தை எட்டும்போது வெள்ளை ஒளியிலிருந்து நீலம் கழிந்துவிடுகிறது. நீலம் போன வெள்ளை நம் கண்ணுக்கு மஞ்சள். இன்னும் பத்து நானோமீட்டர் தடித்தால் பச்சை கழியும். எஞ்சிய சிவப்பும் நீலமும் கூடிக் கத்தரிப்பூ நிறம் வரும். 75 அளவுக்கு வந்தால் சிவப்பு கழியும், நீலம் நிற்கும். மஞ்சள், கத்தரிப்பூ, நீலம் என்ற வரிசை எந்தப் பாத்திரத்திலும் எந்த சைலன்சரிலும் மாறாது. தலைமுடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு கனத்தை எந்தக் கருவியும் இல்லாமல் வெறுங்கண்ணால் அளந்துகொண்டிருக்கிறோம்! மழைநாளில் ரோட்டில் சிந்திய பெட்ரோல் வானவில் காட்டுவதும் இதே வித்தைதான்.

காற்றில் சூடான எவர்சில்வரில் வெளிர் மஞ்சள் தெரிந்தால் அந்த இடம் 290 டிகிரி செல்சியஸ் அளவுக்குப் போயிருக்கிறது. பழுப்பு என்றால் 390. அடர் கத்தரிப்பூ 450, நீலம் 540. குரோமியம் இல்லாத சாதாரண உருக்கில் இதே நிறங்கள் முன்னாலேயே வந்துவிடும். 230-இல் வைக்கோல் மஞ்சள், 300-இல் நீலம். கொல்லர்களுக்கு இது கைப்பாடம். மாமல்லபுரத்தில் ஒரு கொல்லர் கல் செதுக்கும் உளிக்குத் தோய்ச்சல் கொடுப்பதை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்தேன். பழுக்கக் காய்ச்சிய உளியின் நுனியை மட்டும் தண்ணீரில் முக்கி எடுத்தார். நுனியைக் கல்லில் தேய்த்துப் பளபளப்பாக்கிக்கொண்டு, கண் இமைக்காமல் காத்திருந்தார். உளியின் உடம்பில் மிச்சமிருந்த சூடு நுனியை நோக்கி ஊர, மஞ்சள் முன்னே ஓடியது, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு பழுப்பு. மஞ்சள் விளிம்பைத் தொட்ட கணத்தில் முழு உளியும் தண்ணீருக்குள் போனது. அந்த ஒரு கணம் தவறினால் உளி மழுங்கும், அல்லது சில்லாக உடையும். திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமன் 1922-இல் 'நேச்சர்' இதழில் இந்த உருக்கு நிறங்களைப் பற்றி ஒரு குறிப்பு எழுதினார். கொல்லுப்பட்டறையில் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்திருந்த நிறத்துக்கு இயற்பியலில் காரணம் தேடி அப்போதும் விவாதம் ஓடிக்கொண்டிருந்தது.

புல்லட் ஓட்டுகிறவர்களுக்கு, இஞ்சினிலிருந்து சைலன்சருக்குப் போகும் வளைந்த குழாயான பெண்ட் பைப் நீலம் பாய்வது பெரிய மனக்குறை. அது குரோம் பூச்சின் தோல் தடித்ததால் வரும் நீலம். அங்கே வேகமாகத் தேய்க்காதீர்கள். அலங்காரக் குரோம் பூச்சு ஒரு மைக்ரானுக்கும், அதாவது ஆயிரம் நானோமீட்டருக்கும், குறைவான கனமுள்ளது. தேய்த்துக்கொண்டே போனால் நீலத்தோடு குரோமும் போய், அடியில் உள்ள நிக்கல் எட்டிப்பார்க்கும்.

கார் முனையின் கரிக்கு வேண்டியது பொறுமை. வண்டி நன்றாக ஆறியிருக்க வேண்டும். கையுறை கட்டாயம். புகைபோக்கிக் கரி புற்றுநோய் தரும் என்று லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவால் பாட் 1775-லேயே, புகைக்கூண்டு துடைத்த பையன்களைப் பார்த்துச் சொல்லிவிட்டார். டீசல் புகையைப் புற்றுநோய்க் காரணி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் உறுதிசெய்தது. ஆனால் வாட்டர் சர்வீஸ் கடைகளில் வெறுங்கையோடு சைலன்சருக்குள் விரலை விட்டுத் துடைக்கும் பையன்களை இன்றும் பார்க்கிறேன். ஒரு ஜோடி ரப்பர் கையுறை என்ன விலை ஆகிவிடும்? வண்டியை விடுகிற நாமாவது கேட்டு வாங்கிக் கொடுக்கலாம்.

வெந்நீரில் பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்து, துணியை நனைத்து முனையைச் சுற்றிப் பத்து நிமிடம் கட்டி வையுங்கள். கரி தண்ணீரோடு ஒட்டாது. சோப்பு மூலக்கூறின் ஒரு முனை கரியையும் மறுமுனை தண்ணீரையும் பிடித்துக்கொண்டு இழுத்துவரும். பிறகு நைலான் நாரால் தேய்த்தால் பெரும்பகுதி போய்விடும். மிச்சத்துக்கு மெட்டல் பாலிஷ். இரும்புக் கம்பி நார் வேண்டவே வேண்டாம். அதன் துணுக்குகள் எவர்சில்வரில் பதிந்து, அவை துருப்பிடித்து, எவர்சில்வரே துருப்பிடித்ததுபோலப் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

ஆசிட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சில வருடம் முன்பு என் பைக்கை ஒரு கடையில் வாட்டர் வாஷுக்கு விட்டேன். பாத்ரூம் கழுவும் ஆசிட்டை சைலன்சரில் ஊற்றித் தேய்த்துக் கொடுத்தார்கள். அன்று மாலை ஜொலித்தது. பத்தே நாளில் குண்டூசி குத்தியதுபோலப் பழுப்புக் குழிகள். அந்த ஆசிட் ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதிலுள்ள குளோரைடு, குரோமியத் தோலில் நொய்ந்த இடம் பார்த்துத் துளைக்கும். துளைத்த இடத்தில் தோல் மறுபடி வளரவும் விடாது. கடலோர ஊர்களில் உப்புக்காற்று எவர்சில்வரை அரிப்பதும் இதே குளோரைடால்தான். இந்த அரிப்பைப் படிப்பதற்கென்றே நம் ஊரில் ஒரு இடம் இருக்கிறது: காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் எழுந்தது. துருவைப் படிக்கிறேன் என்று சொன்னால் தலைப்புச் செய்தி வராது. ஆனால் பாலம், படகு, குழாய் எல்லாம் அந்தப் படிப்பை நம்பித்தான் நிற்கின்றன. இதற்கு ஒதுக்கும் பணத்தை எந்த அரசும் கணக்குப் பார்க்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

அமிலமே கூடாதா என்றால், எலுமிச்சை இருக்கிறது. எவர்சில்வர் சாமான்களில் ஒட்டிய இரும்பைக் கரைத்து, நல்ல குரோமியத் தோல் வளர வழிவிடுவதற்குத் தொழிற்சாலைகளிலேயே சிட்ரிக் அமிலத்தைப் பயன்படுத்துகிறார்கள். புது வண்டி எடுத்தால் நான்கு சக்கரத்திலும் எலுமிச்சம்பழத்தை வைத்து நசுக்குகிறோம். அதனால் விபத்து எதுவும் நின்றதாக எனக்குத் தெரியவில்லை. அந்த நான்கையும் பிழிந்து, சோப்பு போட்டுக் கழுவிய முனையில் தடவி, கால் மணி நேரம் கழித்து நல்ல தண்ணீரில் அலசினால் வண்டிக்கு உண்மையாகவே நல்லது.

கடைசியாக ஒரு பூச்சு. விறகடுப்பில் ஏற்றுமுன் என் பாட்டி பாத்திரத்தின் அடியில் சாம்பலைக் குழைத்துப் பூசுவார். கரி சாம்பலின் மேல்தான் படியும். கழுவும்போது சாம்பலோடு உரிந்து வந்துவிடும். சைலன்சர் முனையில் சூடு தாங்கும் மெழுகு பூசுவதும் அதே உபாயம். மாதம் ஒருமுறை பூசினால் அடுத்த முறை ஈரத்துணியே போதும்.

வாசகர் ஞாயிற்றுக்கிழமை இதையெல்லாம் செய்துவிட்டு மூன்றாவது படம் அனுப்பினார். முனை வெள்ளியாக மின்னுகிறது. உள்பக்கம், குழாயோடு வெல்டிங் வைத்த இடத்தில் மட்டும் வளையம் வளையமாக நீலம், கத்தரிப்பூ, வெளியே மஞ்சள். "இது மட்டும் எத்தனை தேய்ச்சாலும் போகல சார்" என்று எழுதியிருந்தார். சோப்புக்கும் நாருக்கும் அது போகாது. தொழிற்சாலையில் வெல்டிங் தீ பட்ட அன்று வளர்ந்த தோல் அது. நீலம் இருக்கும் இடம் 540 டிகிரியைக் கண்டிருக்கிறது, ஒரு விரல் தள்ளி மஞ்சள் இருக்கும் இடம் 300 அளவில் நின்றிருக்கிறது. அந்தத் தோலுக்கு அடியில் குரோமியம் கொஞ்சம் குறைந்திருக்கும் என்பதால், தூத்துக்குடிக்காரராக இருந்தால் பாலிஷ் போட்டு எடுத்துவிடச் சொல்லியிருப்பேன். திருப்பூரில் உப்புக்காற்று இல்லை. அப்படியே விட்டுவிடுங்கள் என்று பதில் போட்டேன்.