கையில் அட்டை இருக்கிறது என்று நம்பி இருக்காதீர்கள்

2024 ஏப்ரல் 19, மக்களவைத் தேர்தல் நாள். எங்கள் பகுதி வாக்குச்சாவடி வாசலில் ஒரு அம்மா வாக்காளர் அட்டையோடு அழாத குறையாக நின்றார். பட்டியலில் பெயர் இல்லை. "போன தடவ கூட போட்டேனே தம்பி" என்றார். உள்ளே இருந்த அலுவலரால் அன்றைக்கு ஒன்றும் செய்ய முடியாது.

நமக்கு வேண்டியது இதுதான்: பட்டியலில் பெயர் இருந்தால்தான் ஓட்டு. அட்டை ஆளை அடையாளம் காட்டத்தான். அது தொலைந்தால் ஆதார், பான், நூறு நாள் வேலை அட்டை, படம் ஒட்டிய வங்கிப் பாஸ்புக் ஏதாவது ஒன்று போதும். வெறும் பூத் சிலிப்பை நம்பிப் போகாதீர்கள்.

அதிகம் மாட்டிக்கொள்வது வீடு மாறியவர்கள். அவர்களுக்குப் படிவம் 8. பிரவுசிங் சென்டரில் அவசரத்துக்குப் படிவம் 6 போட்டுவிடுகிறார்கள். அது புதிதாகச் சேர்பவருக்கு. 'வேறெங்கும் என் பெயர் இல்லை' என்று அதில் உறுதி தருகிறீர்கள். தெரிந்தே பொய் சொன்னால் ஓராண்டு வரை சிறை.

வாடகைக்கு இருப்பவரை, "ஹவுஸ் ஓனர் கையெழுத்து வாங்கிட்டு வாங்க" என்று அலையவிடுவார்கள். எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். சொந்த வீடு இருப்பதாலேயே ஒருவர் அந்த ஊர்க்காரர் ஆகிவிட மாட்டார் என்கிறது சட்டம், குடியிருப்பதுதான் கணக்கு. முகவரிச் சான்று எதுவுமே இல்லையென்றால் நேரில் வந்து விசாரிக்க வேண்டியது தேர்தல் அலுவலர்கள் வேலை.

விண்ணப்பம் கொடுத்தால் ஒப்புகை எண் வாங்காமல் நகராதீர்கள். நிராகரித்தால் எழுத்தில் கேளுங்கள். பதினைந்து நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரான கலெக்டரிடம் மேல்முறையீடு செய்யலாம். வாயால் சொன்ன 'இல்லை'யை வைத்துக்கொண்டு எங்கே போவது?

இதையெல்லாம் தேர்தல் அறிவிக்கும் முன்பே முடியுங்கள். வேட்புமனுவுக்கான கடைசி நாள் தாண்டிவிட்டால் கலெக்டரே நினைத்தாலும் பெயர் ஏறாது. 1950க்கு போன் செய்தாலே பெயர் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

அப்புறம், உங்கள் ஓட்டை வேறு யாரோ போட்டுவிட்டார் என்றால் தலையில் அடித்துக்கொண்டு திரும்பாதீர்கள். விதி 49P-யின்படி டெண்டர் ஓட்டு கேளுங்கள். தனி வாக்குச்சீட்டு தருவார்கள். எண்ணிக்கை நாளில் அதை எண்ண மாட்டார்கள், உண்மைதான். ஆனால் நடந்த மோசடி அங்கேயே பதிவாகும். வழக்கு வந்தால் அந்தச் சீட்டு பேசும்.