சீனியை நிறுத்தியும் ஏன் இறங்கவில்லை?

கிளினிக் கொப்பியில் இரத்தச் சீனியின் அளவு முதல் தடவை 186 என்று எழுதியிருந்தது. அன்றைக்கே பெரியம்மா சீனிப் போத்தலைத் தூக்கி மேல் தட்டில் வைத்துவிட்டார். தேத்தண்ணி வெறும் சாயமானது. ஒரு மாதம் கழித்து, வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் 178. "சீனியத்தான் அடியோட நிப்பாட்டிட்டேனே, பொறகு எங்கருந்துப்பா வருது?" என்று என்னிடம் கேட்டார். அப்போது அவர் கையில் மாவு ஒட்டியிருந்தது. தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்து அடுப்பில் ரொட்டி வெந்துகொண்டிருந்தது.

வளர்ந்த ஒருவரின் உடம்பில் ஏறத்தாழ ஐந்து லீற்றர் இரத்தம் ஓடுகிறது. நோயில்லாத ஒருவருக்கு விடியலில் ஒரு டெசிலீற்றருக்கு 100 மில்லிகிராமுக்கு உட்பட்ட குளுக்கோஸ்தான் இருக்கும். முழு இரத்தத்துக்கும் கணக்குப் பார்த்தால் 5 கிராம், குவித்து அள்ளிய ஒரு தேக்கரண்டிச் சீனி. அந்த 100 என்பது 126 ஆகி, மறுபரிசோதனையிலும் அப்படியே நின்றால் நீரிழிவு என்கிறார்கள். இடையில் இருப்பது ஒரு கிராமும் சொச்சமும்தான். இவ்வளவு சின்னக் கிண்ணத்துக்குள் நாம் எதைக் கொட்டுகிறோம்?

பெரியம்மா ஒரு ரொட்டிக்கு எடுக்கும் மாவைத் தராசில் போட்டுப் பார்த்தேன். 100 கிராமுக்குக் கிட்ட நின்றது. தேங்காய்ப்பூவும் உப்பும் சேர்த்துப் பிசைந்து, விரலளவு தடிப்பில் தட்டி, தகரத்தில் போடுகிற ரொட்டி அது. வெள்ளைக் கோதுமை மா 100 கிராமில் முக்கால் பங்கு மாப்பொருள். மாப்பொருள் என்பது குளுக்கோஸ் மூலக்கூறுகளைக் கோத்த நீண்ட மாலை. வாயில் எச்சிலின் நொதியம் அதை அறுக்கத் தொடங்குகிறது, சிறுகுடலில் சதையியின் நொதியம் முடித்துவைக்கிறது. தவிடு போக்கி நைசாக அரைத்த மா என்பதால் அறுப்பு வேகமாக நடக்கும். மாலை முழுக்கக் குளுக்கோஸ். சீனியோ பாதி குளுக்கோஸ், பாதி பிரக்டோஸ். கிராமுக்குக் கிராம் பார்த்தால் ரொட்டி மா சீனிக்குக் குறைந்ததில்லை.

பெரியம்மா விட்டது நாளுக்கு நாலு கோப்பை, கோப்பைக்கு இரண்டு கரண்டி, ஆக முப்பது சொச்சம் கிராம் சீனி. விட்டது நல்லதுதான். ஆனால் காலையில் இரண்டு ரொட்டி, ராத்திரி இரண்டு ரொட்டி. அதில் மட்டும் 300 கிராம் மாப்பொருள். போதாததற்கு, தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்குக் கறி! மலையகத்தில் இது நமக்குப் பழகிய ருசிதான், ஆனால் மாப்பொருளுக்கு மாப்பொருளைத் தொட்டுக்கொண்டால் எப்படி?

இதே ரொட்டியைத்தானே நாற்பது வருசமாகச் சாப்பிட்டார் என்று கேட்கலாம். சாப்பிட்டார்தான், அப்போது மலையில் நின்றார். தசைக்குள் குளுக்கோஸ் நுழைய வாசல் வேண்டும். அந்த வாசலாக வேலை செய்யும் புரதங்கள் கலத்துக்குள்ளே ஒதுங்கிக் கிடக்கும், இன்சுலின் வந்து சொன்னால் மேற்பரப்புக்கு வரும். இரண்டாம் வகை நீரிழிவில் இன்சுலின் சொல்வது கலத்துக்குச் சரியாகக் கேட்பதில்லை. ஆனால் வேலை செய்யும் தசைக்கு இன்சுலினின் சொல் வேண்டியதில்லை. அது சுருங்கி விரிவதே வாசலை மேலே கொண்டுவரும். பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்துக்குப் போய், முதுகில் கொழுந்துக் கூடையோடு நாள் முழுக்கச் சரிவேறிய கால்கள் அந்த ரொட்டியை எரித்தன. வேலையிலிருந்து நின்ற பிறகு கால்கள் ஓய்ந்தன, ரொட்டி ஓயவில்லை. இப்போது சாப்பிட்டதும் கோயிலடி வரைக்கும் பதினைந்து நிமிடம் நடந்து திரும்புகிறார். ஏற்றமான வழி, தொடைத் தசைக்கு நல்ல வேலை.

வெறும் வயிற்று அளவு பிடிவாதமாக நிற்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ராத்திரி நாம் தூங்கும்போது ஈரல் தன் சேமிப்பிலிருந்து குளுக்கோஸை இரத்தத்துக்கு விட்டுக்கொண்டே இருக்கும், மூளைக்குத் தேவை. போதும் என்று ஈரலை அடக்குவதும் இன்சுலின்தான். அந்தக் கட்டளை எடுபடாதபோது, பட்டினியாகப் படுத்தாலும் காலையில் அளவு ஏறியிருக்கும். கிளினிக்கில் கொடுக்கிற மெற்போமின் மாத்திரை முக்கியமாக இந்த ஈரலைத்தான் அடக்குகிறது. ஆகவே சாப்பாட்டைத் திருத்திவிட்டேன் என்று மாத்திரையை விடக்கூடாது.

ரொட்டியை விடச் சொன்னால் பெரியம்மா என்னைத்தான் விட்டிருப்பார். உருண்டையைப் பாதியாக்கினோம், வேளைக்கு ஒன்று. பிசையும்போதே முருங்கையிலையும் நறுக்கிய லீக்ஸும் சேர்கின்றன. கிழங்குக் கறியின் இடத்தில் போஞ்சி, கோவா, கெட்டியான பருப்பு, கிடைத்தால் நெத்தலி. பருப்பிலும் மாப்பொருள் உண்டு, ஆனால் நாரும் புரதமும் கூடவே இருப்பதால் மெதுவாகத்தான் கரையும். கறியை முதலில் சாப்பிட்டுவிட்டு ரொட்டியைக் கடைசியில் எடுத்தால் இரத்தத்தில் ஏற்றம் தணிவாக இருக்கும். பெரியம்மாவுக்கு இது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. "கறியத் தின்னுட்டு ரொட்டிய எதோட திங்கிறது?" கொஞ்சம் சம்பல் மிச்சம் வைக்கச் சொன்னேன்.

அயலவர் யோசனைகளும் வந்தன. ஒருவர் ஆட்டா மாவுக்கு மாறச் சொன்னார். நார் கொஞ்சம் கூடும், மாப்பொருள் ஏறத்தாழ அதேதான், உருண்டை பெரிதானால் பலனில்லை. இன்னொருவர் சாயத்துக்குக் கித்துள் கருப்பட்டி கடிக்கலாம் என்றார். நிறமும் மணமும் வேறு, உள்ளே பெரும்பகுதி சீனியில் இருக்கிற அதே சுக்ரோஸ்.

பக்கத்துக் காம்பராவில் ஒரு மாமா இன்சுலின் போடுகிறவர், இன்னும் மலைக்குப் போகிறவர். அவருக்குக் கதை தலைகீழ். ஊசி போட்டுவிட்டு, ரொட்டியைக் குறைக்கிறேன் என்று வெறும் வயிற்றோடு சரிவேறினால் அளவு 70க்குக் கீழே இறங்கிவிடும். கை நடுங்கும், வேர்க்கும், தலை சுற்றும். உடனே 15 கிராம், அதாவது மூன்று நாலு கரண்டிச் சீனி, வாயில் போடவேண்டும். மயங்கியவருக்கு வாயில் எதையும் ஊட்டாமல் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும். பெரியம்மாவின் மேல்தட்டுப் போத்தலிலிருந்து கொஞ்சம் அள்ளி, கடுதாசியில் மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவர் பெரட்டுக்குப் போகிறார். பேரன் கண்ணில் படாமல் வைப்பதுதான் கஷ்டம் என்கிறார்.